மறு: மறு: கட்டத்துக்குள் மங்கலாக நிற்கும் எழுத்துக்கு என்ன பெயர்?

கே.கே. நகரிலிருந்து, வியாழன் காலை

எல்லாருக்கும் வணக்கம். திங்கள் காலைக்குள் ஒரு மென்பொருளின் திரைச்சொற்களை முடித்துக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம், பரிந்துரை, ஒப்புதல் என்று மேசை மேசையாகக் கோப்பு நகர்வதைக் கணினியில் செய்கிற மென்பொருள். படிவத்தை அவரவரே வடிவமைத்துக்கொள்ளலாம். படிவம், புலம் (நிரப்ப வேண்டிய கட்டம்), கட்டாயப் புலம், இயல்பிருப்பு (ஆள் தொடாவிட்டாலும் தானாக நிற்கிற மதிப்பு), சரிபார்ப்பு, பணிப்பாய்வு வரை தகராறு இல்லை (என்று நினைக்கிறேன்). பிளேஸ்ஹோல்டரில் நின்றுவிட்டேன். காலிக் கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் நிற்குமே, தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடுமே, அது. பழைய கோப்பில் 'இடப்பிடி' என்று இருக்கிறது.

போன வாரம் பயிற்சி கொடுக்கப் போன இடத்தில் நிலக் குத்தகைப் படிவம். புல எண் கட்டத்தில் '123/2ஏ' என்று மங்கலாக வைத்திருந்தோம். கணக்கர் ஒருவர் அது ஏற்கெனவே நிரப்பியது என்று நினைத்து அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். பதினொரு விண்ணப்பம் புல எண் இல்லாமலே மேலாளர் மேசையில் போய் நின்றது. 'இடப்பிடி உரை மதிப்பாகச் சேமிக்கப்படாது' என்று கையேட்டில் எழுதித்தான் இருந்தது. அவர் படித்தும் இருந்தார். "இடப்பிடின்னா ஆக்கிரமிப்புதானேம்மா?" என்று கேட்டார்.

நல்ல சொல் ஒன்று கொடுங்கள்.

திருநகரிலிருந்து, வியாழன் மதியம்

அம்மா, இதற்குப் புதுச்சொல் எதற்கு? தொல்காப்பியர் இடையியலில் இடைச்சொல்லை ஏழு வகையாக்குகிறார். அதில் ஒன்று இசைநிறை. தனக்கென்று பொருள் தராது, ஓசை குறையாமல் இடத்தை நிறைத்து நிற்கும். உங்கள் சாம்பல் எழுத்தும் அப்படித்தானே நிற்கிறது? 'இடநிறை' என்று வையுங்கள். நாலே எழுத்து.

புலம் என்பதையும் சும்மா நினைக்காதீர்கள். 43ஆம் குறளில் 'ஐம்புலத்தாறு' என்பதில் புலம் இடத்தைக் குறிக்கிறது. தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான் என்று ஐந்து. வள்ளுவர் போட்ட படிவம் அது; ஐந்தும் கட்டாயப் புலம். தான் என்பதைக் கடைசியில் வைத்தார் பாருங்கள், வரிசை அமைப்பதிலும் அவரை மிஞ்ச முடியாது.

மேலூரிலிருந்து, வியாழன் இரவு

ஐயா சொன்னது அழகு. ஆனால் நான் முப்பது வருடம் நிலப் பதிவேடு எழுதியவன், எனக்குப் புலம் என்றால் புஞ்சைதான். புல எண், புலப்படம் எல்லாம் எங்கள் அன்றாடச் சொல். இந்தப் பெண் கொடுத்த கையேட்டில் 'புல எண் புலத்தில் புல எண்ணை உள்ளிடுக' என்று வருமே, அதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். நாங்கள் 'காலம்' என்போம், ஆங்கில column-தான். ஏழாவது காலத்தை நிரப்பு என்றால் எந்த எழுத்தருக்கும் புரியும். இளவட்டங்களுக்குக் கட்டம் என்றால் போதும்.

தெப்பக்குளத்திலிருந்து, வெள்ளி காலை

மேலூர் அண்ணன் கேள்வி நியாயம்தான், ஆனால் புலம் ஊரெல்லாம் பரவிவிட்டது. இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

திருநகர் ஐயா மன்னிக்கணும், இடநிறை பொருந்தாது. நிறைத்தது என்று நம்பித்தானே கணக்கர் மாட்டிக்கொண்டார்! கட்டம் அப்போதும் காலிதான். படிவம் கட்டுகிறவன் சொல்கிறேன், இதையும் இயல்பிருப்பையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அதே படிவத்தில் பசலி ஆண்டு, அதாவது நில வருவாய்க் கணக்கு ஆண்டு, இருக்கும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. வருடத்துக்கு ஒருமுறை மாறுவதை ஆள் தட்ட வேண்டாம், இயல்பிருப்பாகப் போட்டுவிடலாம். தொடாமல் விட்டாலும் 1434 தரவுத்தளத்தில் ஏறும். '123/2ஏ' ஏறாது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் வம்பு. இந்த மங்கல் எழுத்தைக் கட்டத்தின் தலைப்புக்குப் பதிலாக வைக்கக் கூடாது என்று இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியின் வரையறையிலேயே எழுதியிருக்கிறது.

அப்புறம் தங்கச்சிக்கு ஒரு கேள்வி: புல எண்ணுக்குக் கட்டாயம் என்று ஏன் டிக் போடவில்லை? போட்டிருந்தால் பதினொன்றும் வாசலிலேயே நின்றிருக்கும்.

கே.கே. நகரிலிருந்து, வெள்ளி காலை

அண்ணே, நகர நிலத்துக்கு வார்டு, பிளாக், நகர அளவை எண்தானே வரும். அதனால் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். கிராமம் என்று தேர்ந்தால் மட்டும் புல எண் தெரியவும், தெரியும்போது மட்டும் கட்டாயமாகவும் இப்போது விதி போட்டாயிற்று. சொல்தான் இன்னும் வரவில்லை.

உசிலம்பட்டியிலிருந்து, வெள்ளி மாலை

இடப்பிடி என்றதும் எனக்கு மாட்டுத்தாவணிதான் ஞாபகம் வந்தது. பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்களே. துண்டு உட்காராது, ஆள் வந்ததும் எழுந்துவிடும். பேசாமல் 'துண்டு' என்று வைத்துவிடலாம். சிரிக்காதீர்கள், என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னபோது ஒரே நிமிடத்தில் புரிந்தது.

ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்றால் நிழலெழுத்து, அல்லது வெளிரெழுத்து.

திருநகரிலிருந்து, சனி காலை

துண்டு போட்ட இடத்துக்கு அடிதடி நடப்பதையும் அதே பஸ் நிலையத்தில் பார்த்திருக்கிறேன்.

வெளிரெழுத்து வேண்டாம். வெளிறு என்றால் அறியாமை. 503ஆம் குறள்: 'அரியகற்று ஆசற்றார் கண்ணும் தெரியுங்கால் இன்மை அரிதே வெளிறு.' கற்றவரிடமும் கொஞ்சம் வெளிறு இருக்குமாம். படிவத்துக்குள் அறியாமையை எழுதி வைப்பதா?

உசிலம்பட்டியிலிருந்து, சனி மதியம்

ஐயா, நான் எழுதியது இடையின ர. வெளிர், வெளிறு இரண்டும் அகராதியில் உண்டு.

திருநகரிலிருந்து, சனி மதியம்

காதில் விழும்போது எந்த ர என்று கணக்கருக்கு எப்படித் தெரியும்? புரிந்தால் போதும் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துத்தான் இந்த நிலைக்கு வந்தோம். 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அதே 1916இல்தான் ராஜாஜியும் சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களுக்காகத் தமிழ் சாஸ்திரிய பரிபாஷைச் சங்கம் கண்டார்கள். பெயரிலேயே தெரிகிறதல்லவா, யார் எந்தப் பக்கம் என்று.

தெப்பக்குளத்திலிருந்து, சனி இரவு

சண்டைக்கு நூறு வயது தாண்டிவிட்டது ஐயா, தங்கச்சிக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. என் ஓட்டு 'மாதிரி எழுத்து'. எதற்காக நிற்கிறதோ அதைச் சொல்கிறது.

கே.கே. நகரிலிருந்து, ஞாயிறு இரவு

அந்தக் கணக்கருக்கே போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். இடநிறை: "எடை நிறுக்கிறதா?" நிழலெழுத்து: "போட்டோ ஒட்டணுமா?" துண்டுக்குச் சிரித்தார், உடனே புரிந்தது, ஆனால் மேலாளர் பார்க்கிற திரையில் அது வேண்டாம் என்று அவரே சொன்னார். மாதிரி எழுத்து: "சரி, அப்ப நாம தனியா எழுதணும்."

ஆகவே 'மாதிரி எழுத்து' என்று அனுப்புகிறேன். '123/2ஏ'-க்கு முன்னால் 'எ.கா.' சேர்த்து, கட்டத்துக்கு வெளியே கீழே இறக்கியும்விட்டோம். அந்தப் படிவத்தில் இனி மங்கல் எழுத்தே இல்லை. படிவத்தை வடிவமைக்கிற அமைவுத் திரையில் மட்டும் சொல் இருக்கும்.

திருநகரிலிருந்து, ஞாயிறு இரவு

மாதிரி தமிழ்தானா என்று யாரும் கேட்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இடநிறை ஒருநாள் தேவைப்படும்.

மேலூரிலிருந்து, திங்கள் காலை

சரிம்மா. அப்போ 'புல எண் புலம்' அப்படியேதான் போகிறதா?