டென்ஷன் தலைவலி: அனரெக்ஸோட பேனடால் எக்ஸ்ட்ரா சேர்க்கலாமா? சாரிடான், ஃபியோரிசெட் பற்றியும் கேள்வி

உட்லண்ட்ஸ் மீனா

வணக்கம். மாமனாருக்கு வயசு 61. தலையைச் சுத்தி வார் போட்டு இறுக்கின மாதிரி வலி, ரெண்டு பக்கமும், பிடரி வரைக்கும். குமட்டல் இல்லை, நடந்தா கூடுறதும் இல்லை. நாலஞ்சு மாசமா மாசத்துக்கு 12 நாள் போல வருது. கிளினிக்ல டென்ஷன் தலைவலின்னு சொல்லி அனரெக்ஸ் கொடுத்திருக்காங்க: 2 மாத்திரை, நாளைக்கு 3 வேளை, வலி இருந்தா மட்டும். அது போதலைன்னு பேனடால் எக்ஸ்ட்ராவும் அதே மாதிரி ரெண்டு ரெண்டா 3 வேளை சேர்த்துப் போடுறார். ஊர்ல இருந்து வந்த சாரிடான், செரோடால்-எம்ஆர் அட்டைகளும் அலமாரியில இருக்கு. பிரஷர் மாத்திரை சாப்பிடுறார். ராத்திரி ரெண்டு தடவை ஒண்ணுக்கு எழுந்திருக்கிறார், வரவும் நேரமாகுதுன்னு சொல்றார்.

எதை எதோட சேர்க்கலாம்? அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்க ஃபியோரிசெட் நல்லா கேட்கும், கொண்டுவர்றேன்னு சொல்றாங்க. வாங்கிக்கலாமா?

மருந்துமேசை

மீனா, இன்னைக்கே பேனடால் எக்ஸ்ட்ராவை நிறுத்தச் சொல்லுங்க. கணக்கைப் பாருங்க.

அனரெக்ஸ் ஒரு மாத்திரையில பாராசிட்டமால் 450 மி.கி., ஆர்ஃபெனாட்ரின் 35 மி.கி. நாளைக்கு ஆறு மாத்திரைன்னா பாராசிட்டமால் மட்டும் 2,700. பேனடால் எக்ஸ்ட்ரா ஒண்ணுல பாராசிட்டமால் 500, காஃபின் 65. ஆறு மாத்திரைக்கு 3,000. ரெண்டும் சேர்ந்தா 5,700 மி.கி. நல்ல உடம்புள்ள பெரியவங்களுக்கே ஒரு நாள் உச்சம் 4,000 தான். எடை 50 கிலோவுக்குக் கீழே, ஈரல் கோளாறு, தினமும் மது, இதுல ஏதாவது இருந்தா அதுக்கும் குறைவு. அளவு மீறினா ஈரல் கெடுறது முதல் நாள் வெளியே தெரியாது, அதுதான் பயம். 5,700 போட்ட நாள் இந்த ரெண்டு மூணு நாளுக்குள்ள இருந்தா, உடம்பு நல்லா இருந்தாலும் இப்பவே டாக்டர்கிட்ட காட்டி ரத்தம் பார்க்கச் சொல்லுங்க.

கிளினிக்ல ஜிப் பையில போட்டுக் கொடுக்கிறப்போ லேபிள்ல பெரும்பாலும் பிராண்ட் பேர்தான் பெரிசா இருக்கும். அனரெக்ஸுக்குள்ள பாராசிட்டமால் இருக்குன்னு அந்தப் பையைப் பார்த்தா யாருக்கும் தோணாது. நார்ஜெசிக்னு கொடுத்தாலும் இதே கூட்டுதான். சளி, காய்ச்சல் மாத்திரை பலதிலயும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கு. வீட்ல இருக்கிற ஒவ்வொரு பைக்கும் அட்டைக்கும் உள்ளே என்ன மருந்து, எத்தனை மி.கி.ன்னு பேனாவால எழுதி ஒட்டுங்க.

அடுத்தது ஆர்ஃபெனாட்ரின். தசை இறுக்கத்தைத் தளர்த்தத்தான் சேர்க்கிறாங்க, ஆனா டென்ஷன் தலைவலிக்கு இந்த வகை மருந்து உதவுதுங்கிறதுக்கு ஆதாரம் பலமா இல்லை. அது சிறுநீர்ப்பையையும் மந்தப்படுத்தும். ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்கிறது, வர நேரமாகுறது எல்லாம் புராஸ்டேட் வீக்கமா இருக்கலாம். அதோட இந்த மருந்தும் சேர்ந்தா சிறுநீர் முழுசா அடைச்சுக்கிற ஆபத்து உண்டு. கண்ணழுத்தம் உள்ளவங்களுக்கும் ஆகாது. இந்த ரெண்டையும் கிளினிக்ல கேட்டாங்களான்னு தெரியலை. டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் அனரெக்ஸையும் நிறுத்தி வைங்க. சளிக்குக் கொடுக்கிற குளோர்ஃபெனிரமினும் இதே வேலையைத்தான் செய்யும், சேர்க்க வேண்டாம்.

ஈசூன் வாசகி

ஊர் மாத்திரைகளைப் பற்றி. சாரிடான்ல பாராசிட்டமால் 250, புரோபிஃபெனசோன் 150, காஃபின் 50. புரோபிஃபெனசோன் பைரசோலோன்ங்கிற வலி மருந்து வகை. ஒவ்வாமை வரலாம், அரிதா வெள்ளணுக்கள் குறையும். 2018-ல இந்தியாவுல 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை போட்டப்போ இதுவும் பட்டியல்ல இருந்துச்சு, அப்புறம் உச்ச நீதிமன்றத்துல விலக்கு கிடைச்சது. விற்கிறாங்கங்கிறதுக்காக இவருக்குத் தேவைன்னு ஆகிடாது.

எனக்கு அதைவிடக் கவலை செரோடால்-எம்ஆர். அதுல அசிக்ளோஃபெனாக் (இபுப்ரோஃபென் மாதிரி வலி மருந்து) 100, டிசானிடின் (தசையைத் தளர்த்துற மருந்து) 2 மி.கி. டிசானிடின் ரத்த அழுத்தத்தை இறக்கும். பிரஷர் மாத்திரையோட சேர்ந்தா ராத்திரி கழிவறைக்கு எழுந்திருக்கிறப்போ தலை சுத்தி விழ வாய்ப்பிருக்கு. சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தா டிசானிடினோட சேர்க்கவே கூடாது. ஈரல் அதை உடைக்க முடியாம ரத்தத்துல பல மடங்கு ஏறிடும். அசிக்ளோஃபெனாக் பக்கம் பார்த்தா, பிரஷருக்கு எனாலாப்ரில் மாதிரி மருந்தும் நீர் மாத்திரையும் சாப்பிடுறவங்களுக்கு சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

அலமாரியில ரெண்டையும் வைக்காதீங்க.

மருந்துமேசை

ஈசூன் அக்கா சொன்னது சரி. ஃபியோரிசெட் விட்டுப்போச்சு. அதுல பியூட்டல்பிட்டால் 50 மி.கி., காஃபின் 40, பாராசிட்டமால் 300 அல்லது 325. அமெரிக்காவுல டென்ஷன் தலைவலிக்குன்னே அனுமதிச்ச மருந்து, நாளைக்கு 6-க்கு மேல போடக்கூடாது. சீக்கிரம் கேட்கும், அதுல பொய்யில்லை. ஆனா பியூட்டல்பிட்டால் பார்பிட்டுரேட், அதாவது மூளையை மந்தமாக்கித் தூக்கம் வரவைக்கிற வகை. பழகிடும். நாளாக ஆக அதே அளவு போதாது. தினமும் போட்டுட்டுத் திடீர்னு விட்டா வலிப்பு வரைக்கும் போகும், டாக்டர் மேற்பார்வையில படிப்படியாத்தான் குறைக்கணும். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தா மூச்சு மந்தமாகும். 61 வயசுல தடுமாற்றமும் மறதியும் வேற.

இன்னொண்ணு, இது கட்டுப்பாட்டு மருந்து வகை. வர்றவங்க பெட்டியில போட்டுக் கொண்டுவர்ற விஷயம் இல்லை. தன் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவர்றவங்களே சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தோட விதியைப் பார்த்து முன்கூட்டியே அனுமதி கேட்கணும். அடுத்தவங்களுக்குன்னு கொண்டுவரவே வேண்டாம்னு சொல்லிடுங்க.

தோபாயோ குமரன்

எல்லாரும் மாத்திரைக்குள்ள இருக்கிறதைப் பார்த்துட்டீங்க. நாள் கணக்குதான் எனக்கு உறுத்துது. தனி பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ மாசத்துல 15 நாள் தொட்டா ஆபத்து. கூட்டு மாத்திரைக்கு அந்த எல்லை 10 நாள். மூணு மாசத்துக்கு மேல இப்படியே போனா மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். எத்தனை மாத்திரைங்கிறது இதுல கணக்கில்லை, எத்தனை நாள்ங்கிறதுதான். இவர் 12 நாள், நாலஞ்சு மாசமா. இப்ப வர்ற வலியில பாதி இதனாலேயே இருக்கலாம்.

இவர் போடுற அனரெக்ஸ், பேனடால் எக்ஸ்ட்ரா ரெண்டையும் ஒரேயடியா நிறுத்தலாம். ஆனா முன்கூட்டியே அவர்கிட்ட சொல்லி வைங்க: முதல் 2 நாள்ல இருந்து 10 நாள் வரை வலி கூடும். அதைப் பார்த்து பயந்து மறுபடி மாத்திரைக்குப் போறதுலதான் பலரும் தோத்துப்போறாங்க. காஃபினும் நிக்கிறதால அந்த வலி வேற சேரும். கோப்பிக் கடையில எப்பவும் குடிக்கிற கோப்பி-ஓவை (பால் சேர்க்காத காப்பி) அந்த வாரம் குறைக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அப்புறமா மெல்லக் குறைச்சுக்கலாம்.

மாசம் 15 நாளைத் தொட்டா தடுப்பு மருந்துதான் வழி. வழக்கமா அமிட்ரிப்டிலின், ராத்திரி 10 மி.கி.ல தொடங்கி வாரக்கணக்கில கூட்டுவாங்க. ஆனா அதுவும் சிறுநீரை அடைக்கிற வகை. இவருக்கு வேற மருந்து பார்க்கணும்னு டாக்டர் முடிவு செய்யணும், அதனால அந்த ஒண்ணுக்கு விஷயத்தை மறைக்காம சொல்லச் சொல்லுங்க. ஆம்பளைங்க டாக்டர்கிட்ட முதல்ல மறைக்கிறது அதுதான்.

உட்லண்ட்ஸ் மீனா

ரொம்ப நன்றி. பேனடால் எக்ஸ்ட்ராவை எடுத்து வெச்சுட்டேன். நேத்து ராத்திரி வரைக்கும் அப்படித்தான் போட்டிருக்கார், அதனால இப்பவே கிளினிக் கிளம்புறோம். இனிமே வலி வந்தா எதைத்தான் கொடுக்கிறது?

மருந்துமேசை

நேத்தும் போட்டிருக்கார்னா கிளினிக்ல ரத்தம் பார்க்க வசதி இல்லாட்டி அவசரப் பிரிவுக்கே போயிடுங்க. முடிவு வர்ற வரைக்கும் பாராசிட்டமால் எதுவும் வேண்டாம்.

டாக்டர் சரின்னு சொன்ன பிறகு, வலி தொடங்கினதுமே சாதாரண பாராசிட்டமால் 500 மி.கி. ரெண்டு மாத்திரை, ஒரே வேளையா. வாரத்துல 2 நாளுக்கு மேல வேண்டாம். இபுப்ரோஃபென் அவரோட பிரஷர் மருந்தைப் பார்த்த டாக்டர் சொன்னா மட்டும். காய்ச்சலோட தலைவலின்னா இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ரெண்டுமே கூடாது. டெங்கியா இருந்தா ரத்தக் கசிவு கூடும்.

தோபாயோ குமரன்

பிரஷர் மாத்திரை உட்பட எல்லா அட்டையையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. கூட ஒரு தாள்: வலி வந்த தேதி, நேரம், போட்ட மாத்திரை, எத்தனை. 50 வயசுக்கு மேல புதுசா வந்த தலைவலிங்கிறதையும் டாக்டர்கிட்ட அழுத்திச் சொல்லுங்க. மெல்லும்போது தாடை வலிக்குதா, தலை சீவும்போது பொட்டுப்பக்கம் தொட்டாலே நோகுதா, பார்வை மங்குதான்னு கேட்டுப் பாருங்க. இதுல எதுக்கு ஆமாம்னு சொன்னாலும் கிளினிக்ல காத்திருக்காதீங்க, அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க. அது பொட்டு ரத்தக்குழாய் வீக்கமா இருந்தா கண் பார்வை போயிடும்.