அப்பாவின் சிறுநீர்ப்பையில் இருந்த அந்தச் சதை: பரவல் இல்லை என்று தெரிந்த கதை

ஆற்றங்கரை எழுதியது:

போன சித்திரையில் அப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வயது 68. வெயில் சூடாக இருக்கும் என்று மோரும் வெள்ளரியும் கொடுத்து நான்கு நாள் கடத்திவிட்டோம். நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) சுரக்கும் பிஎஸ்ஏ என்ற புரதம் ரத்தத்தில் 11.4 இருந்தது, அதிகம். கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தபோது சிறுநீர்ப்பையின் அடியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சதை தெரிந்தது. அதைச் சுரண்டி எடுத்தார்கள். புராஸ்டேட்டிலும் ஊசி வைத்து 12 துண்டு எடுத்தார்கள். புராஸ்டேட்டில் புற்றுநோய், அதன் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 3+4. அதற்கே அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் சதையின் ரிப்போர்ட் வந்தது: புராஸ்டேட் சுரப்பிகள் இருக்கின்றன, பிஎஸ்ஏ புரதத்தைக் காட்டும் சாயம் பாசிட்டிவ், பரவலாக இருக்கலாம்.

சிறுநீர்ப்பைக்குள் பரவியிருந்தால் டி4 நிலை, அதாவது கட்டி பக்கத்து உறுப்புக்குள் போய்விட்ட கட்டம். அதுவரை ஆபரேஷன் என்று பேசியவர்கள் ஹார்மோன் ஊசி, ரேடியேஷன் என்று மாற்றிப் பேசத் தொடங்கினார்கள். அப்பா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எல்ஐசி பத்திரங்களையும் வீட்டு வரி ரசீதுகளையும் எடுத்துக் கட்டில் மேல் வருஷவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

இன்னொரு ஊரில் மூத்த யூராலஜிஸ்ட் ஒருவரிடம் போனோம். எம்ஆர்ஐ படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கட்டி புராஸ்டேட்டுக்குள்ளேயே அடங்கி இருக்கிறதே தம்பி, அந்தச் சதை எப்படி அங்கே போயிருக்கும்? பிளாக்கை வாங்கிட்டு வாங்க" என்றார். பிளாக் என்பது சதையை மெழுகில் பதித்து வைக்கும் சின்னக் கட்டி. வெயிலில் மெழுகு இளகிவிடுமோ என்று பயந்து, பஸ்ஸில் ஐந்து மணி நேரமும் ஈரத்துண்டு சுற்றிய டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன்.

பி63 என்ற சாயம் போட்டார்கள். அந்த லேப் டாக்டரம்மா என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். சிறுநீர்ப்பைச் சதையில் ஒவ்வொரு சுரப்பியைச் சுற்றியும் பழுப்புப் புள்ளிகள், கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி வரிசையாக வளையம் கட்டி நின்றன. அடுத்து புராஸ்டேட் ஸ்லைடை வைத்தார். புற்றுநோய் இருந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. "வளையம் இருந்தா நல்ல சுரப்பி. உங்க அப்பாவுக்கு ரெண்டும் வேற வேற" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

புராஸ்டேட்டை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் கழித்து பிஎஸ்ஏ 0.1க்கும் கீழே. வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

ஸ்லைடுக்காரி எழுதியது:

நான் 14 வருஷமாகப் பயாப்ஸி லேபில் டெக்னீஷியன். இப்படி இடம் மாறிக் கிடக்கும் புராஸ்டேட் திசு அபூர்வம்தான், ஆனால் வருகிறது. சிறுநீர்ப் பாதையிலும் சிறுநீர்ப்பையிலும்தான் அதிகம் பார்ப்போம். பெண்களின் கர்ப்பப்பை வாயில்கூட ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கரு வளரும்போதே அங்கே தங்கிவிட்டது என்பது ஒரு விளக்கம். அந்த இடத்துச் செல்களே பின்னால் அப்படி மாறின என்பது இன்னொன்று.

குழப்பம் பிஎஸ்ஏ சாயத்தில்தான். 'இது புராஸ்டேட் செல்' என்று மட்டும்தான் அது சொல்லும். நல்லதா கெட்டதா என்று சொல்லாது. புற்றுநோய் வந்த சுரப்பி தன் வெளி வரிசைச் செல்களை இழந்துவிடும். அந்த வரிசையைத்தான் பி63 காட்டுகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அபூர்வமாக அந்த இடம் மாறிய திசுவிலேயே புற்றுநோய் வருவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

வடக்குவீதி எழுதியது:

எனக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வருஷம். பிஎஸ்ஏ 0.05, 0.06 என்று அங்கேயே நிற்கிறது. முதல் வருஷம் ராத்திரித் தூக்கமே இல்லை. வெட்டிய ஓரத்தில் நல்ல திசு கொஞ்சம் மிஞ்சினாலும் இப்படி இருக்கலாம், மெல்ல மெல்ல ஏறுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். ஆற்றங்கரை சார், பிளாக்கைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்களா?

ஆற்றங்கரை எழுதியது:

வாய்வார்த்தையாகக் கேட்டபோது நாளைக்கு வாருங்கள் என்று மூன்று நாள் அலைக்கழித்தார்கள். அப்புறம் அப்பாவின் கையெழுத்தோடு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே பிளாக்கும் ஸ்லைடும் கைக்கு வந்தன. பிளாக் நம்பரை ரிப்போர்ட்டில் உள்ள நம்பரோடு சரிபார்த்து வாங்குங்கள் சார். எங்களுக்கு முதலில் வேறொருவருடையதை எடுத்து நீட்டினார்கள்.