தொடையில் திடீர் வலியும் வீக்கமும்: சர்க்கரை நோயின் விளைவா?

கேள்வி: நெடுங்காலமாகச் சர்க்கரை நோயுள்ள என் அக்காவுக்குச் சிறுநீரகமும் விழித்திரையும் ஏற்கெனவே பாதிக்கப்பட்டுள்ளன. அடி எதுவும் படாமலேயே இடது தொடையில் கடும் வலி தொடங்கி, தொட்டால் கெட்டியாகத் தட்டுப்படும் வீக்கமும் உள்ளது. காய்ச்சல் இல்லை; டாப்ளர் ஸ்கேனில் இரத்தக்கட்டியும் இல்லை. சி.கே. (தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் நொதி) அளவு இயல்பாக இருப்பதால் தசைநோய் இல்லையென்று கொள்ளலாமா?

மறுமொழி 1: கொள்ள இயலாது. சர்க்கரை நோயால் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அடைபட்டுத் தசையின் ஒரு பகுதி மடியும் அரிய நிலை (diabetic myonecrosis) ஒன்று உண்டு. 1965இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோயில், தசை அழிந்தபோதும் சி.கே. பலருக்கு இயல்பாகவே இருக்கும். பெரும்பாலும் தொடையையும், அடுத்தபடியாகக் கெண்டைக்காலையும் தாக்கும். எம்.ஆர்.ஐ.யே இதற்கு உகந்த பரிசோதனை. சிறுநீரகம் பழுதடைந்திருப்பதால், படம் தெளிவாகத் தெரியப் போடும் சாய ஊசி தேவையா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 2: காய்ச்சல் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தசையில் சீழ் பிடித்திருப்பதை விலக்கிவிட முடியாது, சர்க்கரை நோயாளிகளிடம் காய்ச்சல் அடங்கியே இருக்கக்கூடும். படத்தில் ஐயம் தீராதபோதுதான் திசுவெடுத்துச் சோதிப்பார்கள், ஏனெனில் அந்தக் காயம் ஆறத் தாமதமாகும்.

கேட்டவர்: நன்றி. அம்மா தைலம் தேய்த்து நீவிவிடச் சொல்கிறார், செய்யலாமா?

மறுமொழி 1: வேண்டாம். ஓய்வு, வலி நிவாரணி, சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவற்றாலேயே சில வாரங்களிலோ மாதங்களிலோ தசை மடியும் இந்நோய் தணியும். சிறுநீரகத்தைப் பாதிக்கும் வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்ள விடாதீர்கள். மறு தொடையிலும் பின்னர் வரலாம்.