கட்டண பாக்கிக்காக டி.சி.யை நிறுத்திவைக்கலாமா?

சத்துவாச்சாரி பெற்றோர்:
ஜூன் பிறந்தால் தனியார் பள்ளிகளில் இதே பேச்சுதான்: "பாக்கியக் கட்டுங்க, டி.சி. வாங்கிட்டுப் போங்க." இது அப்பட்டமான தவறு. கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல டி.சி. என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பாக்கி விவரத்தை டி.சி.யில் எழுதவும் கூடாது.

பள்ளி அலுவலகம், காட்பாடி:
தீர்ப்பில் பாதியைத்தான் சொல்றீங்க சார். பாக்கியைச் சட்டப்படி வசூலிக்கப் பள்ளிக்கு உரிமை உண்டு என்பதும் அதில்தான் இருக்கிறது. சுயநிதிப் பள்ளியில் ஆசிரியர் சம்பளமே இந்தக் கட்டணத்திலிருந்துதான். வருஷம் முழுக்கப் படிக்க வைத்துவிட்டு, மே மாதம் போனை எடுக்காத பெற்றோரை என்ன செய்வது? டி.சி. தாமதமானாலும் அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவே சொல்கிறது. பிள்ளையின் படிப்பு எங்கே நின்றுபோனது?

குடியாத்தம் தலைமையாசிரியர்:
எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையப் பதிவு) நிற்கிறது சார். பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிடுகிறோம். ஆனால் பழைய பள்ளி பிள்ளையின் பெயரை அதிலுள்ள 'காமன் பூல்'-க்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) விடுவிக்காத வரை எங்கள் பட்டியலில் ஏறாது. ஏறாவிட்டால் வருகைப்பதிவு, விலையில்லாப் பொருட்கள், உதவித்தொகை எல்லாம் தொங்கும். பத்தாம் வகுப்புத் தேர்வர் பட்டியலும் எமிஸிலிருந்துதான் எடுக்கிறோம். இன்னொன்று, நீங்கள் சொல்லும் 5-ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு வரைதான். தனியாரிலிருந்து இன்னொரு தனியாருக்குப் போக அது கைகொடுக்காது. அதே பிரிவில், டி.சி.யைத் தாமதப்படுத்தும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை என்றும் இருக்கிறது. அதையும் படியுங்கள்.

சத்துவாச்சாரி பெற்றோர்:
பெற்றோர் கோட்டைவிடுவது வாய்மொழியாகக் கேட்பதில்தான். நாளைக்கு "அவங்க கேட்கவே இல்லை" என்றால் கையில் ஆதாரம் இருக்காது. விண்ணப்பம் இரண்டு பிரதி எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண், கடைசியாக வந்த தேதி போட்டு, டி.சி., எமிஸ் விடுவிப்பு இரண்டையும் கேளுங்கள். ஒரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், டெலிவரி சான்றோடு. (பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் அதோடு சேர்ந்துவிட்டது.) கட்டணத் தகராறை இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள்.

பள்ளி அலுவலகம், காட்பாடி:
சரி, எங்கள் பணத்துக்கு வழி? ஐந்தாயிரம், பத்தாயிரத்துக்கு சிவில் வழக்கு போட்டால் வக்கீல் ஃபீஸுக்கே காணாது.

குடியாத்தம் தலைமையாசிரியர்:
மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அவர்கள் நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) தவணை பேசி முடித்தால் அது தீர்ப்புக்குச் சமம், நிறைவேற்றவும் முடியும். டி.சி. கொடுக்கும்போதே "இவ்வளவு பாக்கி" என்று தனித்தாளில் கையெழுத்து கேட்கலாம். வழக்குப் போடும் கெடு முடியாத கடனுக்கு, கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து மூன்று வருஷக் கெடு புதிதாக ஓடும். ஆனால் கையெழுத்து போட்டால்தான் டி.சி. என்று சொன்னீர்களானால் பழையபடி அதே தவறு. அரசின் கட்டண நிர்ணயக் குழு குறித்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய் சேர்த்திருந்தாலும் உங்கள் கணக்கு நிற்காது.

பள்ளி அலுவலகம், காட்பாடி:
தனித்தாள் யோசனை சரி. ஆனால் அதாலத்துக்கு எதிர்த்தரப்பு வராமலே இருந்துவிட்டால் நாங்கள் மறுபடி முதல் படியில்தான். அதனால்தான் பள்ளிகள் டி.சி.யை விட மாட்டேன் என்கின்றன. சரியென்று சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

வாலாஜா வாசகர்:
விண்ணப்பித்தும் பள்ளி டி.சி. தராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும் அல்லவா? எங்கள் பக்கத்துப் பள்ளி என்றால் அந்த மனு வேலூருக்கா?

குடியாத்தம் தலைமையாசிரியர்:
இல்லைங்க. 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை முதன்மைக் கல்வி அலுவலரிடம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கு. தவறான மாவட்டத்தில் கொடுத்தால் மனு சுற்றிவருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை அந்தந்த ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில், முத்திரை வாங்கிய பிரதியின் நகலோடு கொடுத்து, மனு எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.