யாரும் அழுத்தாமலே மேடையில் காலிங் பெல் அடிக்கிறது, உதவி தேவை

நாடகக்காரன்:
வணக்கம். சென்னையில் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் ரிடையர் ஆனவர்கள். இப்போது போடுவது ஒரு துப்பறியும் காமெடி. ஒரு சபா காரியதரிசி கிரீன் ரூமில் செத்துக் கிடப்பார். போலீஸ் கையை விரித்ததும் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் துப்பறியக் கிளம்புவார். கதையில் கொலையாளி யார் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் காலிங் பெல்லை அடிப்பது யார் என்றுதான் தெரியவில்லை.

முன்பெல்லாம் பெல் சத்தத்தை சவுண்ட்காரர் கொடுப்பார். வருகிறவரின் விரல் கதவில் படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும், ஜனம் சிரிக்கும். அதனால் ஒரு ஒயர்லெஸ் காலிங் பெல் வாங்கி, ஸ்விட்சைச் செட்டின் கதவுச் சட்டத்தில் ஒட்டினோம். மணிப் பெட்டி சைடு விங்கில் இருக்கும். வருகிறவரே அழுத்துவார், சமையல்காரர் அம்பி கரண்டியோடு ஓடி வந்து திறப்பார்.

இப்போது கதவுக்குப் பின்னால் ஈ காக்கை இல்லாதபோதும் மணி அடிக்கிறது. அடித்தால் அம்பி வந்துதானே ஆக வேண்டும்? வந்து, திறந்து, இருட்டைப் பார்த்து "யாருமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒரே காட்சியில் இரண்டு முறைகூட நடந்திருக்கிறது.

டிக்கெட் கிழிப்பவராக நடிக்கும் எங்கள் நாயகர் வேஷம் கலைத்த பிறகும் துப்பறிகிறார். திருட்டுத்தனமாக யார் அழுத்துகிறார்கள் என்று பார்க்க, ஸ்விட்சின் மேல் குங்குமம் தடவி வைத்தார். கூரியர்காரராக வந்தவர் நியாயமாக அழுத்திவிட்டு, சிவந்த கட்டைவிரலோடு மேடைக்கு வந்தார். கொலைக்கு மறுநாள் நடக்கிற காட்சி அது. "இவன்தான், கையிலேயே இருக்கு பார்" என்று முன்வரிசையில் ஒரு மாமி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

பேட்டரி மாற்றியாயிற்று, பயனில்லை. கோடை நாடக விழா நெருங்குகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

மின்னல்மணி:
இது பேயும் இல்லை, சதியும் இல்லை. மலிவான ஒயர்லெஸ் பெல்களில் பெரும்பாலானவை 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்பவை. ஸ்விட்சை அழுத்தினால் ஒரு சின்னக் குறியீட்டை அனுப்பும். மணிப் பெட்டி அந்தக் குறியீடு தன்னுடையதா என்று பார்த்துவிட்டு அடிக்கும். பழைய மாடல்களில் குறியீடுகளின் எண்ணிக்கை குறைவு. சபாவுக்குப் பக்கத்து அபார்ட்மெண்டில் அதே மாடல், அதே குறியீடு இருந்தால், அங்கே பால்காரர் அழுத்த இங்கே உங்கள் அம்பி கதவைத் திறப்பார். எல்லா ஹாலிலும் அடிக்கிறதா?

கொசுவலை:
காலர் மைக் தொந்தரவாக இருக்கும். எங்கள் கல்யாண மண்டபத்தில் மைக்கில் பக்கத்துத் தெரு உபன்யாசமே வந்தது.

மின்னல்மணி:
மைக்கில் குரல் கலப்பது வேறு விஷயம். பெல்லுக்குச் சரியான குறியீடு வந்தால்தான் காது கேட்கும். மைக் தற்செயலாக அந்தக் குறியீட்டை உருவாக்கி அனுப்பாது.

நாடகக்காரன்:
எல்லா ஹாலிலும் அடிக்கிறது, ஒன்றைத் தவிர. புறநகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டோம். அன்று ஒரு தடவைகூடத் தப்பாக அடிக்கவில்லை.

மின்னல்மணி:
பள்ளிக்கூடம் என்றால் மைதானத்துக்கு நடுவில் தனிக் கட்டடமாக இருந்திருக்கும். பக்கத்தில் வீடு இல்லை, அதனால் மணியும் இல்லை. கேஸ் முடிந்தது.

மூணாம்வரிசை:
அதற்குள் முடித்துவிடாதீர்கள் சார். நான் நாடகம் போடுகிறவன் இல்லை, பார்க்கிறவன். நாடகக்காரன் சார், சில கேள்விகள். மணி இடைவேளையில் அடித்திருக்கிறதா? செட் போடும்போது? அடிக்கும்போது மேடையில் யார் யார்? அதற்கு முன் கடைசி வசனம் யாருடையது? வீடியோ இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், அந்த பெல்லோடு எத்தனை ஸ்விட்ச் வந்தது?

நாடகக்காரன்:
வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். இடைவேளையில் அடித்ததே இல்லை, செட் போடும்போதும் இல்லை. மேடையில் ஆள் மாறி மாறி இருக்கிறார்கள். ஆனால் ரிடையர்டு நீதிபதியாக வரும் பெரியவர் மட்டும் ஒவ்வொரு முறையும் இருக்கிறார். கடைசி வசனம் எதிரில் இருப்பவருடையது. நீதிபதி பதில் சொல்ல வேண்டிய இடம். லேசாக ஒரு அமைதி, உடனே மணி.

பெட்டியில் இரண்டு ஸ்விட்ச் வந்தன. இரண்டாவது, நாடகச் சாமான்கள் வைக்கும் பிராப்பர்ட்டி பெட்டியில் இருக்க வேண்டும். தேடினேன், இல்லை.

மின்னல்மணி:
ஓ. ஒரே மணிப் பெட்டியில் இரண்டு மூன்று ஸ்விட்சைப் பழக்கி வைக்கலாம். இரண்டாவது ஸ்விட்ச் யார் பையில் இருந்தாலும் அடிக்கும். சுவர் குறுக்கே இருந்தாலும் தடையில்லை, நாடக மேடை தூரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆர்மோனியக்கட்டை:
நான் புதுக்கோட்டைப் பக்கம், ஸ்பெஷல் நாடகத்துக்கு வாசிக்கிறவன். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்களிடம் வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டரும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. கதாநாயகன் வேஷம் போடும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாயகி வேஷம் போடும் ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் சந்திப்பார்கள். வள்ளி திருமணம் எல்லோருக்கும் பாடம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானார், அவர் கட்டிக்கொடுத்த பாட்டுதான் இன்றைக்கும் எங்களைக் காப்பாற்றுகிறது. தர்க்கத்தில் ஒருவருக்கு வார்த்தை நின்றுபோனால் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். நான் அடுத்த பாட்டின் சுருதியை எடுத்துவிடுவேன். ஜனத்துக்குத் தெரியாது. உங்கள் பெரியவருக்கு ஆர்மோனியம் இல்லை, அதனால் பெல் வைத்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.

மூணாம்வரிசை:
ஆர்மோனியம் ஐயா என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்.

பால்காரருக்கு இடைவேளை எது, காட்சி எது என்று தெரியாது. பக்கத்து வீட்டு பெல் என்றால் எப்போது வேண்டுமானாலும் அடித்திருக்கும். இது நீதிபதி பேச வேண்டிய இடத்தில் மட்டும் அடிக்கிறது. மணி அடித்தால் என்ன ஆகிறது? அம்பி வருகிறார், கதவைத் திறக்கிறார், ஜனம் சிரிக்கிறது. அரை நிமிஷம் கிடைக்கிறது. அம்பி திரும்பிப் போகும்போது நீதிபதியின் பக்கம் குனிந்து ஏதாவது சொல்கிறாரா, வீடியோவில் பாருங்கள்.

கடைசிக் கேள்வி: அந்தப் பள்ளிக்கூட ஹாலில் மைக் எப்படி?

நாடகக்காரன்:
அடக் கடவுளே. ஒவ்வொரு தடவையும் அம்பி கரண்டியை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு குனிகிறார். ஏதோ காமெடி செய்கிறார் என்று நினைத்திருந்தேன்.

எங்களிடம் முன்பு பிராம்ப்டர் உண்டு. சைடு விங்கில் ஸ்கிரிப்டோடு உட்கார்ந்து எடுத்துக்கொடுப்பார். மேலே தொங்கும் மைக் அவர் குரலையும் பிடித்து, ஒவ்வொரு வசனமும் ஹாலில் இரண்டு தடவை கேட்டது. பின்வரிசைக்காரர்கள் எதிரொலி என்று புகார் செய்தார்கள், அதனால் நிறுத்திவிட்டோம். பள்ளிக்கூட ஹால் சின்னது, மைக்கே இல்லை. அன்று மட்டும் அவரை மறுபடி உட்கார வைத்தோம்.

இனி என்ன செய்வது? பெரியவர் எங்கள் குழுவின் முதல் நாடகத்திலிருந்து நடிக்கிறவர். நேரில் கேட்க வாய் வரவில்லை. நாயகர் வேறு "கடைசிக் காட்சி மாதிரி எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து அறிவிக்கிறேன்" என்று குதிக்கிறார்.

பழையதிரை:
அவரை முதலில் உட்கார வையுங்கள். அமெச்சூர் மேடைக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் முதலானோர் சுகுண விலாச சபையை ஆரம்பித்த காலத்திலிருந்து, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பணத்துக்காக இல்லாமல் ஆசைக்காக நடிக்கிற இடம் இது. நீங்கள் அவருக்குக் கொடுப்பது ஆட்டோ காசும் மரியாதையும்தான். அதில் மரியாதையையும் பிடித்தம் செய்துவிட்டால் மனுஷர் எதற்கு வருவார்?

கேட்கவே கேட்காதீர்கள். ரிடையர்டு நீதிபதி என்றால் கையில் ஒரு கேஸ் கட்டு இருப்பது இயல்பு. அதற்குள் அவர் வசனங்களைக் காட்சிவாரியாகப் பெரிய எழுத்தில் ஒட்டிக் கொடுங்கள். முழு வசனம் வேண்டாம், தேடுவதற்குள் நேரம் போய்விடும். எதிராளியின் கடைசி வார்த்தை, அதன் கீழே இவருடைய முதல் இரண்டு வார்த்தை போதும். கறுப்பு மையில் எழுதுங்கள். கொலைக் காட்சி என்று சிவப்பு லைட் போடுவீர்கள், சிவப்பு மை அதில் வெள்ளைத் தாளோடு தாளாகிவிடும். "கேரக்டருக்குக் கனம் சேர்க்க ஒரு புது பிராப்பர்ட்டி" என்று சொல்லிக் கொடுங்கள். நாங்கள் ஒருவருக்கு டிபன் கேரியர் மூடியின் உள்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சாப்பிட்டுக்கொண்டே முழு சீனையும் பேசினார்.

மூணாம்வரிசை:
ஆமோதிக்கிறேன். மணி நின்றால் நம் ஊகம் சரி. நிற்காவிட்டால் மறுபடி பால்காரரைத் தேடலாம்.

நாடகக்காரன்:
நேற்று நாடகம் முடிந்தது. கேஸ் கட்டைக் கொடுத்தபோது பெரியவர் பிரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பாயிண்ட் எல்லாம் நன்னா எடுத்திருக்கே" என்றார். வேறு பேச்சில்லை. மேடையில் ஒரு சிரமமும் இல்லை. போதாததற்கு, ஒரு இடத்தில் கட்டைப் புரட்டி "ஐபிசி 302" என்று அவராகவே ஒரு வரி சேர்த்துக் கைதட்டல் வாங்கினார். மணி அடிக்க வேண்டிய இடங்களில் மட்டும் அடித்தது.

முகவாட்டத்தோடு இருந்தவர் அம்பிதான். "யாருமில்லீங்க" வசனத்துக்கு இருந்த சிரிப்பு போய்விட்டதாம். சபாக்காரர் ஒருவரும் அந்த ஆளில்லாத கதவு சஸ்பென்ஸை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று கேட்டார். ஒரே ஒரு இடத்தில் ஸ்கிரிப்டிலேயே சேர்க்கப்போகிறோம். நாயகருக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவர் லைட்காரரைச் சந்தேகிக்கிறார், இருக்கட்டும்.

கிளம்பும்போது பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஜிப்பா பையிலிருந்து இரண்டாவது ஸ்விட்சை எடுத்துக் கையில் வைத்தார். "லைட் மங்கலா எரியறது, பேட்டரி மாத்திக் கொண்டுவா. வெளியூர்ல கேஸ் கட்டை மறந்து வச்சுட்டு வந்துட்டேன்னா?"

மணி சார், இதற்கு எந்த பேட்டரி?

மின்னல்மணி:
பெரும்பாலும் 12 வோல்ட், 23ஏ என்று இருக்கும். பழையதைப் பார்த்து அதே எண்ணைக் கேளுங்கள், எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது, ரிமோட் பேட்டரி என்று சொல்லி டபுள் ஏ வாங்கிவிடாதீர்கள். அம்பிக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள்.