புதுப்பிப்பு: குளவி கொட்டிய கை, நான்காம் நாள்

ஞாயிறு காலை மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது புறங்கையில் குளவி கொட்டியது, மறுநாள் வீக்கம் முழங்கை வரை ஏறிவிட்டது, சீழ் பிடிக்கிறதா என்று கேட்டிருந்தேன். நேற்று டாக்டரிடம் காட்டினேன்.

சீழ் இல்லை. அவர் முதலில் விசாரித்தது நேரத்தைத்தான். கொட்டிய அன்றே தொடங்கி 48 மணி நேரம் வரை கூடிக்கொண்டே போனால், பெரும்பாலும் விஷத்துக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமையாம். கிருமித் தொற்று என்றால் பொதுவாகச் சில நாள் கழித்து, வடியத் தொடங்கிய இடமே மறுபடி சிவந்து, வலி கூடி, காய்ச்சலோடு வரும். எனக்கோ வலியைவிட அரிப்புதான் அதிகம். மூச்சுத்திணறல், உதடு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, மயக்கம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அன்றே அவசரப் பிரிவுக்கு ஓடியிருக்க வேண்டும்.

கொடுக்கு உள்ளேயே இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். கொடுக்கை விட்டுச் செல்வது தேனீதான். குளவி பொதுவாக விடுவதில்லை.

சரி, நான் சீழ் என்று பயந்த கொப்புளம்? அத்தை அள்ளித் தடவிய சுண்ணாம்பு தோலைப் பொசுக்கியிருக்கிறது! அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

செட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை, ஐஸ் ஒத்தடம், கையை உயர்த்தி வைப்பது, அவ்வளவுதான். ஆன்டிபயாடிக் தரவில்லை. வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு அனுப்பினார். இன்று காலை வீக்கம் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை உள்ளே வந்திருக்கிறது. மோதிரத்தை முதல் நாளே கழற்றாததுதான் தப்பு. சோப்பு போட்டு உருவ அரை மணி நேரம் ஆனது.