மறு: ஸ்விட்ச்சில் ‘ஃபால்-த்ரூ’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் ஐயா,

> ‘கீழ்விழல்’ என்றே வைத்துவிடலாமே, பார்த்தவுடன் புரிகிறது.

புரிகிறதுதான். ஆனால் விழுவது என்றாலே ஏதோ கெட்டுப்போன தொனி வந்துவிடுகிறது. ஸ்விட்ச் ஒரு மதிப்பைப் பார்த்து அதற்குரிய கேஸுக்கு, அதாவது கிளைக்கு, ஓட்டத்தை அனுப்புகிறது. அந்தக் கிளை முடிந்ததும் வெளியேறாமல் ஓட்டம் அடுத்த கிளைக்குள் போவதுதான் ஃபால்-த்ரூ. அது எப்போதும் கோளாறு இல்லை. மாதத்துக்கு எத்தனை நாள் என்று சொல்லும் இந்த சி மொழி நிரல்துண்டைப் பாருங்கள் (படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில்):

கேஸ் 4: கேஸ் 6: கேஸ் 9: கேஸ் 11: நாள் = 30;
கேஸ் 2: நாள் = 28; பிரேக்;

முதல் வரியில் 4, 6, 9 மூன்றும் அப்படியே 11-க்குப் போய்ச் சேருகின்றன. அது நாம் வேண்டுமென்றே செய்தது. 30-க்குப் பிறகு, ஸ்விட்ச்சை விட்டு வெளியேறச் சொல்லும் பிரேக் விட்டுப்போனதுதான் வினை. ஓட்டம் அடுத்த கிளைக்குள் நுழைகிறது, மாதம் 2-தானா என்று கேட்பதே இல்லை. ஏப்ரலுக்கும் 28 நாள்! நிரல் பிழையில்லாமல் கம்பைல் ஆகிவிடும் என்பதுதான் வேடிக்கை. வசதி, வம்பு இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் நமக்கு நடுநிலையான சொல் வேண்டும்.

முன்பு வந்த மற்ற பரிந்துரைகள்: ‘வழிதல்’ ஏற்கெனவே ஓவர்ஃப்ளோவுக்குப் போய்விட்டது. ‘தொடர்விழல்’ என்றால் எழில் என்ற தமிழ் நிரல்மொழிக்காரர்கள் குழம்புவார்கள், அங்கே ‘தொடர்’ என்பது கன்டினியூ (சுழற்சியின் அடுத்த சுற்றுக்குப் போகும் கட்டளை). ‘ஊடுருவல்’ கணினிப் பாதுகாப்புக்காரர்களின் சொத்து.

என் பரிந்துரை ‘ஊடோட்டம்’. நிரல் ஓடுவதை ஓட்டம் என்றுதான் சொல்கிறோம், அது ஒரு கிளையின் ஊடாக அடுத்ததற்குள் போகிறது. வினையாகவும் வளைகிறது: “இந்தக் கிளை அடுத்ததற்குள் ஊடோடுகிறது.” சி-யில் பிரேக் போடாவிட்டால் ஊடோட்டம் தானாக நடக்கும். கோ, ஸ்விஃப்ட் மொழிகள் இரண்டிலும் தலைகீழ், வேண்டும் என்றால் ஃபால்த்ரூ என்று எழுதிக் கேட்கவேண்டும். சி++17-இலும் வேண்டுமென்றே விட்டது என்று குறித்துவைக்க ஒரு அடையாளம் வந்துவிட்டது. அப்படி ஒரு கட்டளைச் சொல் தமிழில் தேவைப்பட்டால், எழிலில் பிரேக்காக இருக்கும் ‘நிறுத்து’வுக்குப் பக்கத்தில் ‘ஊடோடு’ பொருந்தி நிற்கும்.

பேசும்போது ‘ஊடாட்டம்’ என்று காதில் விழ வாய்ப்பிருக்கிறது, அது இன்டராக்‌ஷன். எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான். வகுப்பெடுப்பவர்கள் யாராவது இதைப் பற்றிச் சொன்னால் நல்லது. அப்புறம், கேஸுக்குக் ‘கிளை’ போதுமா, எழிலைப் போல ‘தேர்வு’ என்று போவதா? அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.